பிறந்த குழந்தையிடம் பேசுங்கள், பெற்றவளிடமும் பேசுங்கள்

மகப்பேற்றுப் பிரிவுக்குக் குழந்தையைப் பார்க்க வரும் உறவினர்கள் அடிக்கடி சொல்லும் சொல் ஒன்று உண்டு: "அது பச்ச மண்ணு, அதுக்கு என்ன தெரியும்?" அன்பினால் சொல்லப்படும் சொல்தான் அது. ஆயினும் அதில் பாதியே உண்மை. பிறந்து ஒரு நாளே ஆன குழந்தைக்குச் சொல்லின் பொருள் தெரியாது. ஆனால், சொல்பவரின் குரல் தெரியும். அக்குரல் தன் தாயுடையதா, பிறருடையதா என்பதை அதனால் பிரித்தறிய முடியும்.

குழந்தை எதைக் கேட்கிறது, அதனிடம் எப்போது, எவ்வாறு பேசுவது என்பதை இக்கட்டுரையில் முதலில் காண்போம். பிறகு அதற்கு இணையான இன்னொரு செய்திக்கு வருவோம். குழந்தையிடம் பேசுவதற்குத் தாய்க்கு மனத்தெம்பு வேண்டும். அந்தத் தெம்பில் பெரும்பகுதி, அவளைச் சுற்றியிருப்போர் அவளிடம் பேசும் சொல்லிலிருந்து வருகிறது. ஆகையால் இது தாய்க்கு மட்டும் உரிய பாடம் அன்று. தந்தைக்கும், மாமியாருக்கும், தாய்வீட்டாருக்கும் உரிய பாடம்.

கருவிலேயே கேட்கத் தொடங்குகிறது

கருவில் இருக்கும் குழந்தை ஏறத்தாழ ஏழாம் மாதத்திலேயே வெளியிலிருந்து வரும் ஒலிக்கு அசைவு காட்டத் தொடங்குகிறது. தாயின் இதயத் துடிப்பு, குருதி ஓடும் ஓசை, அவள் பேசும் குரல் ஆகியவை அதற்கு இடைவிடாமல் கேட்கின்றன. பிறருடைய குரல் வயிற்றையும் பனிக்குட நீரையும் கடந்து மங்கலாகச் செல்கிறது. தாயின் குரலோ அவள் உடலின் வழியாகவும் சென்று சேர்கிறது. எனவே பிறக்கும் முன்பே குழந்தை பல வாரங்கள் கேட்டுப் பழகிய குரல் அவளுடையதுதான்.

1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆண்டனி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்னும் இரு ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தனர். பிறந்து மூன்று நாளுக்குள் இருந்த குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பு வைக்கப்பட்டது. ஒருவிதமான தாளத்தில் சப்பினால் தாயின் குரல் ஒலிக்கும். வேறு தாளத்தில் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல் ஒலிக்கும். குழந்தைகள் தங்கள் சப்பும் தாளத்தை மாற்றிக்கொண்டு, தாயின் குரலையே வரவழைத்துக் கேட்டன. பேசத் தெரியாத குழந்தை தன் விருப்பத்தைத் தெரிவித்த முறை இது.

குரலோடு மொழியின் இசையும் குழந்தைக்குள் செல்கிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து சில நாள்களே ஆன பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகையும் ஜெர்மானியக் குழந்தைகளின் அழுகையும் பதிவு செய்து ஒப்பிடப்பட்டன. பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை ஏறுமுகமாகவும், ஜெர்மானியக் குழந்தைகளின் அழுகை இறங்குமுகமாகவும் இருந்தன. அவரவர் தாய்மொழியின் ஓசைப்போக்கே அழுகையிலும் தெரிந்தது. நம் மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் பல உள்ளன. எந்த மொழியில் பேசுவது என்ற தயக்கம் அவர்களுக்கு வேண்டா. தாய் தன் தாயிடம் எந்த மொழியில் பேசி வளர்ந்தாளோ, அந்த மொழியிலேயே தன் குழந்தையிடமும் பேசலாம். குழந்தை ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைக் கேட்டு வளர்வதால் தீங்கு ஏதும் இல்லை.

தந்தையரும் ஒரு செய்தியை அறிய வேண்டும். 1984-இல் வெளியான ஆய்வொன்றின்படி, புதிதாய்ப் பிறந்த குழந்தைகள் ஆண் குரல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிந்தன. ஆனால் தந்தையின் குரலைத் தனியே விரும்பிக் கேட்கவில்லை. இதில் வருந்த ஒன்றுமில்லை. தாயின் குரலுக்குக் கருவிலேயே பல வாரப் பழக்கம் கிடைத்துவிடுகிறது. தந்தையின் குரலுக்கு அந்தப் பழக்கம் பிறந்த பின்னரே பெருமளவில் கிடைக்கிறது. அதனால்தான் அவர் முதல் நாளிலிருந்தே பேசத் தொடங்க வேண்டும்.

கொஞ்சுமொழி வீண்பேச்சு அன்று

குழந்தையைக் கண்டதும் நம் குரல் தானாகவே உயர்கிறது, சொற்கள் நீள்கின்றன, ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. இது எல்லா நாட்டு மக்களிடமும் காணப்படும் வழக்கம். 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், உலகின் 21 சமூகங்களைச் சேர்ந்த 410 பேரிடமிருந்து 1,615 குரல் பதிவுகள் திரட்டப்பட்டன. குழந்தையிடம் பேசும் பேச்சும் பாடும் பாட்டும், பெரியவர்களிடம் பேசுவதினின்றும் பாடுவதினின்றும் வேறுபட்டிருந்தன. பல சமூகங்களில் அந்த வேறுபாடு ஒரே வகையில் அமைந்திருந்தது. உயர்ந்த, மெதுவான, நீண்ட ஓசை குழந்தையின் கவனத்தை ஈர்க்கிறது. சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பிரித்துக் காட்டுகிறது.

தமிழர் இதனைப் பழங்காலத்திலேயே ஒரு கலையாக்கி வைத்திருக்கின்றனர். தால் என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் அது தாலாட்டு எனப் பெயர் பெற்றது என்பர். பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்து, தலையை அசைத்தல், கை கொட்டுதல், நிலவை அழைத்தல் என ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு செயலைக் காட்டுகிறது. குழந்தை இன்னும் பேசாத காலத்திலேயே அதனை முன்னிலையில் வைத்துப் பேசுவது நம் மரபு. பாட்டிமார் தூளியை ஆட்டிக்கொண்டு பாடும் பாட்டு பழம்பஞ்சாங்கம் அன்று. அது குழந்தையின் முதல் பாடம். பாடத் தெரிந்த பாட்டி இருக்கும் வீட்டில் கைப்பேசியில் தாலாட்டை ஓடவிட வேண்டியதில்லை.

எப்போது பேசுவது, எப்போது நிறுத்துவது

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளதே ஓரளவு தெளிவாகத் தெரியும். தாயின் மார்பில் பால் குடிக்கும் குழந்தைக்கும் அவள் முகத்துக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ அதுவே. ஆகவே பாலூட்டும் நேரமே பேச்சுக்கும் உகந்த நேரம். பிறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தாயின் மார்பில் போட்டுச் சீம்பால் கொடுக்கச் சொல்வதில் இந்த நன்மையும் அடங்கியிருக்கிறது. பால், உடற்சூடு, மணம், குரல், முகம் ஆகிய ஐந்தும் குழந்தைக்கு அங்கே ஒருசேரக் கிடைக்கின்றன.

பேசும் முறை எளிது. ஒரு வாக்கியம் சொல்லுங்கள். பின்பு சற்றுக் காத்திருங்கள். குழந்தை கண்களை அகல விரிக்கலாம், வாயைக் குவிக்கலாம், கால்களை உதைக்கலாம், சில வாரங்களில் "ங்கா" என்று ஒலியெழுப்பலாம். அது அதனுடைய மறுமொழி. அதற்கு நீங்கள் மீண்டும் விடை சொல்லுங்கள். பேச்சு என்பது மாறி மாறி நிகழ்வது என்னும் முதல் இலக்கணத்தைக் குழந்தை இவ்வாறே கற்கிறது.

அதே வேளையில் குழந்தைக்குக் களைப்பும் உண்டு. முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், கொட்டாவி விடுதல், விக்கல் எடுத்தல், விரல்களை விரித்து உடலை விறைத்தல் ஆகியவை "இப்போது போதும்" என்பதற்கான அடையாளங்கள். அப்போது பேச்சை நிறுத்தி, மார்போடு அணைத்து வைத்திருந்தாலே போதும். வந்தவர் ஒவ்வொருவரும் கையில் வாங்கி, கன்னத்தைக் கிள்ளி, உரக்கப் பேசுவது குழந்தையை வருத்தும்.

1970-களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு டிரானிக் ஒரு சோதனை செய்தார். சில மாதக் குழந்தையோடு முகம் பார்த்து விளையாடிக்கொண்டிருந்த தாய், சிறிது நேரம் எவ்வித உணர்ச்சியும் காட்டாமல் முகத்தை அசையாது வைத்துக்கொண்டாள். குழந்தை முதலில் சிரித்தும் கையை அசைத்தும் அவளை அழைத்தது. பயன் இல்லை எனக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்தது. கைப்பேசித் திரையைப் பார்த்தவாறு பாலூட்டும்போது குழந்தை காண்பதும் ஏறத்தாழ அத்தகைய முகத்தையே. நாள் முழுவதும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாயாலும் இயலாது. அது தேவையும் இல்லை. பாலூட்டும் நேரத்தில் மட்டுமேனும் கைப்பேசி தள்ளி இருக்கட்டும்.

எடை குறைந்த குழந்தையும் கேட்கிறது

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தையை வைத்திருக்கும் பெற்றோரின் அச்சம் தனியானது. கண்ணாடிப் பெட்டி, குழாய்கள், ஓயாமல் ஒலிக்கும் கருவிகள் ஆகியவற்றைக் கண்டதும், தொட்டால் ஏதேனும் ஆகிவிடுமோ என்று தாய் ஒதுங்கி நிற்கிறாள். உண்மையில் அங்கே அவளுக்கு ஒரு பணி உண்டு. அதை மருந்தினாலும் கருவியினாலும் செய்ய இயலாது.

1978-இல் தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டுத் தலைநகரான பொகோட்டாவில், குழந்தைகளை வைப்பதற்குப் போதிய வெப்பப் பெட்டிகள் இல்லாத நிலையில், எட்கர் ரே என்னும் மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு உடல்படக் கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். அதுவே இன்று கங்காரு தாய் பராமரிப்பு எனப்படுகிறது. ஏழைகளுக்கான மாற்றுவழியாகக் கருதப்பட்ட அம்முறையின் ஆற்றலை 2021-இல் வெளியான பெரிய ஆய்வொன்று நிறுவியது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் அது நடைபெற்றது. இந்தியாவில் அது நடந்த இடம் டெல்லியின் சப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை வரை உள்ள குழந்தைகளில், பிறந்தவுடனேயே கங்காரு பராமரிப்பு பெற்றவர்களுள் 28 நாள்களுக்குள் இறந்தோர் 100-க்கு 12.0. உடல்நிலை சீரான பிறகே அதனைப் பெற்றவர்களுள் இறந்தோர் 100-க்கு 15.7. அதாவது, பிறந்தவுடன் தாயின் மார்பில் வைக்கப்படும் ஒவ்வொரு 27 குழந்தைகளுக்கும் ஓர் உயிர் கூடுதலாகக் காக்கப்படுகிறது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம், குறைமாதத்திலோ குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைகளுக்கு இம்முறையை நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை அளிக்குமாறு பரிந்துரைத்தது.

மார்பில் வைத்திருக்கும்போது வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. குறைமாதக் குழந்தைகள் மருத்துவமனையில் இருக்கும்போதே பெற்றோர் பேசும் நேரங்களில் கூடுதலாக ஒலி எழுப்புவதை 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று பதிவு செய்தது. 2021-இல் இத்தாலியில் நடந்த ஒரு சிற்றாய்வில், குதிகாலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும்போது தாய் பேசினால், குறைமாதக் குழந்தையிடம் வலியின் அறிகுறிகள் குறைந்து காணப்பட்டன.

ஆகையால், சிகிச்சைப் பிரிவுக்குள் செல்லும் தாய் செவிலியரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: "இப்போது குழந்தையைத் தொடலாமா? மார்பில் எப்போது வைத்துக்கொள்ளலாம்?" கைகளை நன்கு கழுவியபின், ஒரு கையைத் தலையிலும் மறு கையைப் பாதங்களிலும் அசையாமல் வைத்து, மெல்லிய குரலில் பேசலாம். எடை மிகக் குறைந்த குழந்தைக்குத் தொடுதல், பேச்சு, ஒளி ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் வந்தால் தாங்காது. ஒவ்வொன்றாகத் தர வேண்டும். தாய் உடல் தேறாத நிலையில் இருந்தால், தந்தையோ பாட்டியோ குழந்தையை மார்பில் வைத்துக்கொள்ளலாம்.

பெண் பிறந்த வீட்டின் மௌனம்

நம் மாவட்டத்தில் இப்பாடத்தைக் கூறும்போது ஒரு வரலாற்றைத் தவிர்த்துச் செல்ல இயலாது. பெண் சிசுக்கொலையால் தருமபுரியின் பெயர் ஒரு காலத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. பெண் குழந்தை வேண்டாம் எனக் கருதும் பெற்றோர் அதனை அரசிடம் ஒப்படைக்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கப்பட்டு, 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுள் 1,000 ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்னும் கணக்கு, 2001-இல் இம்மாவட்டத்தில் 900-க்கும் வெகுவாகக் குறைந்திருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 900-ஐத் தாண்டியது. நிலைமை மாறியிருக்கிறது. ஆனால், மகப்பேற்று அறையின் கதவைத் திறந்து "பெண் குழந்தை" என்று செவிலியர் சொன்னதும் சில குடும்பங்களில் விழும் மௌனம் இன்னும் முற்றிலும் மறையவில்லை.

அம்மௌனம் தாயின் காதிலும் விழுகிறது. தமிழ்நாட்டு ஊரகப் பெண்களிடம் மேற்கொள்ளப்பட்டு 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், 100 தாய்மார்களில் 11 பேருக்கு மகப்பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வு நோய் தோன்றியது கண்டறியப்பட்டது. அந்நோய்க்கு இடமளித்தவையாக அவ்வாய்வு கூறியவை இவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கையில் பெண் பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் உறவு சரியில்லாமை, கருவுற்ற காலத்தில் நேர்ந்த துயர நிகழ்வுகள், வேலைகளில் கைகொடுக்க ஆள் இல்லாமை. இவற்றுள் பலவற்றைக் குடும்பத்தாரின் சொல்லும் செயலும் மாற்ற முடியும்.

மனம் சோர்ந்த தாய் குழந்தைக்குப் பால் கொடுப்பாள், துணி மாற்றுவாள், ஆனால் பேச மாட்டாள். அவள் குரல் அடங்குகிறது; முகத்தில் அசைவு குறைகிறது. பிறந்தது பெண் என்பதற்காகத் தாயிடம் முகம் கொடுக்காத குடும்பம், அந்தக் குழந்தை கேட்க வேண்டிய முதல் சொற்களையும் சேர்த்துப் பறிக்கிறது. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம் தந்தையின் விந்தணுவிலிருந்தே வருகிறது. ஆகவே தாயைக் குறைகூறுவதற்கு அறிவியலிலும் இடமில்லை.

பெண் குழந்தை பிறந்த வீட்டில் மாமியார் முதலில் மருமகளின் தலையைத் தடவி, "நல்லபடியா பெத்து பொழச்சியே கண்ணு, அது போதும்" என்று சொல்லட்டும். கணவர் குழந்தையை வாங்கி, பெயர் சொல்லியோ செல்லமாகவோ அழைக்கட்டும். மருந்துச் சீட்டில் எழுத இயலாத சிகிச்சை அது.

பாசம் உடனே பொங்கவில்லை என்றால்

குழந்தையைக் கண்டதும் எல்லாத் தாய்மார்க்கும் அன்பு பெருக்கெடுப்பதில்லை. நீண்ட வலி, அறுவைச் சிகிச்சை, தூக்கமின்மை ஆகியவற்றுக்குப் பிறகு, "எனக்கு ஒன்றும் தோன்றவில்லையே" எனத் தாய் உள்ளூரக் கலங்குவதுண்டு. இது அவள் குற்றம் அன்று. குழந்தையைத் தொட்டு, பாலூட்டி, பேசிக்கொண்டிருக்கப் பிணைப்பு நாளடைவில் வளரும். பேச்சு, பாசத்தின் விளைவு மட்டும் அன்று. பாசத்தை வளர்க்கும் வழியும் அதுவே.

பிறந்த மூன்றாம் நாளளவில் காரணமின்றி அழுகை வருவதும், எரிச்சல் கொள்வதும் இயல்பு. இரண்டு வாரங்களுக்குள் அது தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தாலோ, உறக்கமும் உணவும் கெட்டாலோ, குழந்தையைக் காணவே விருப்பம் இல்லாமற் போனாலோ, மருத்துவரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கூறுங்கள். 104 என்னும் மருத்துவ உதவி எண்ணிலும், 14416 என்னும் டெலி மனாஸ் மனநல எண்ணிலும் தமிழில் பேசலாம். தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலும், இல்லாத குரல் கேட்பதாகத் தாய் சொன்னாலும், அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். "பேய் பிடித்தது" என்று நாள் கடத்த வேண்டா. இது நோய், சிகிச்சையால் தீரும்.

காது கேட்கிறதா என்று பாருங்கள்

நாம் பேசுவது சென்று சேரக் குழந்தையின் செவி நலமாக இருக்க வேண்டும். 1, 3, 6 என்னும் எண்களை நினைவில் கொள்ளுங்கள். 1 மாதத்துக்குள் செவித்திறன் பரிசோதனை. அதில் ஐயம் எழுந்தால் 3 மாதத்துக்குள் உறுதி செய்தல். குறை உறுதியானால் 6 மாதத்துக்குள் சிகிச்சை. நெருங்கிய உறவில் மணந்தோரின் குழந்தைகள், குறைமாதக் குழந்தைகள், மஞ்சள் காமாலை மிகுந்திருந்த குழந்தைகள், குடும்பத்தில் காது கேளாதோர் உள்ள குழந்தைகள் ஆகியோருக்கு இப்பரிசோதனை தவறவே கூடாது. செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு. குளிப்பாட்டும்போது காதில் எண்ணெய் விடுவதைக் கைவிடுங்கள்.

வீட்டுப் பாடம்: ஒரு நாளின் ஐந்து பொழுதுகள்

தனியே நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. அன்றாட வேலையோடு பேச்சையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

1. பாலூட்டும்போது: முகம் பார்த்து, "பசிச்சிதா சாமி? குடி, நல்லா குடி" எனச் சொல்லுங்கள்.

2. துணி மாற்றும்போது: செய்வதைச் சொல்லிச் செய்யுங்கள். "ஈரமாயிடுச்சா? இதோ மாத்திடறேன்."

3. குளிப்பாட்டும்போது: கை, கால், வயிறு என உறுப்பின் பெயரைச் சொல்லித் தொடுங்கள். பாட்டிக்கு இது கைவந்த கலை.

4. தந்தை வீடு திரும்பியதும்: பத்து நிமிடம் குழந்தையை மார்பில் வைத்துக்கொண்டு அன்றைய வேலையைப் பற்றிச் சொல்லட்டும். பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குச் சென்றிருப்பவர் கைப்பேசியில் பேசலாம். கைப்பேசியைக் காதருகே கொண்டுசெல்லாமல், சற்றுத் தள்ளி வைத்து, குறைந்த ஒலியில் கேட்கச் செய்யுங்கள்.

5. தூங்க வைக்கும்போது: ஒரே தாலாட்டை நாள்தோறும் பாடுங்கள். குரல் நன்றாக இல்லையே என்ற கவலை வேண்டா. குழந்தை தேடுவது இனிமையை அன்று, பழகிய குரலை.

இந்த ஐந்தோடு ஆறாவது ஒன்று குடும்பத்தாருக்கு உண்டு. நாள்தோறும் ஒருமுறை குழந்தையை வாங்கிக்கொண்டு தாயை உறங்க விடுங்கள். அவள் விழித்ததும், குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பு, "நீ எப்படிம்மா இருக்கே? சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். அவள் விடை சொல்லும்வரை காத்திருங்கள்.